இருநூறு சொற்களுக்கு மிகாமல்

மாவட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பேரூரின் வரலாறும் புவியியலும்,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்,
வெள்ளிக்கிழமைக்குள்.
செயல் அலுவலர் படிக்காமலே
என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.
பிறப்பு இறப்பு பதிகிறவளுக்கு
நடுவில் நடந்ததும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

முதல் கட்டம், பெயர்க் காரணம்.
ஆலங்கால்.
ஆலமரம் கால் விட்ட ஊர் என்கிறது பள்ளி ஆண்டு மலர்.
ஈசன் நஞ்சுண்டு கால் ஊன்றிய தலம் என்கிறது
கும்பாபிஷேகச் சுவரொட்டி.
அகராதியில் ஆலம் என்றால் நஞ்சு,
அதே வரியில் நீர்.
கால் என்றால் வாய்க்கால்.
நீர் ஓடுகிற வாய்க்கால்.
இதற்கா இத்தனை புராணம்.
கால் என்றால் நாலில் ஒன்று என்றும் போட்டிருக்கிறது.
அதைப் பென்சிலால் சுழித்து வைத்தேன்.

வடக்கு எல்லை வெட்டாறு.
வெட்டியவன் யாரென்று பெயரில் இல்லை.
எழுபத்தேழு புயலில் ஆறு
ஒரே ராத்திரியில் தெற்கே புரண்டு படுத்தது.
பதினொரு வீடு அக்கரை ஆனது.
அவர்களுக்கு வரி இங்கே, ஓட்டு அங்கே,
அடக்கம் எங்கே என்பதில்
இன்னும் வழக்கு முடியவில்லை.
மாதம் ஒருமுறை பாலத்தைச் சுற்றிப் போய்
குடிநீர்க் கட்டணம் கேட்கிறேன்.
"எந்தக் குடிநீர்?" என்பார் மைமூன் பீவி,
எனக்கு நாற்காலி போட்டுக்கொண்டே.

மேற்கே காவிரி எழுதிய எல்லாம்.
மேட்டூர் திறந்த சேதி
அன்றைக்கே பேப்பரில் வந்துவிடும்.
தண்ணீர் வர இருபது நாள்.
சில வருஷம் பேப்பர் மட்டும்.

கிழக்கே கடல், ஒன்பது கிலோமீட்டர்.
பழைய ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.
மதகு லஸ்கர் காத்தலிங்கம் சிரிக்கிறார்.
"ஐப்பசி அமாவாசைக்குப்
பலகைக்குக் கீழே வந்து நிக்கும்மா.
கிலோமீட்டரெல்லாம் அதுக்குத் தெரியாது."

கல்வெட்டு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.
உண்டு, ஒன்று.
சவரிமுத்து டீக்கடை வாசலில்
சாக்கடைக்கு மூடி.
குந்தி உட்கார்ந்து, துடைப்பத்தால் தேய்த்துப் படித்தேன்.
இக்குளத்துக்கு நீர் பாயும் வழி,
இது மாற்றினான்
கெங்கைக் கரையில்
என்பதோடு கல் சுவருக்குள் போய்விடுகிறது.
என்ன பாவம் என்பது
ஐஸ்கிரீம் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

அந்தக் குளம்தான் இப்போது பேருந்து நிலையம்.
எண்பத்தாறில் தூர்த்தார்கள்.
கார்த்திகை பிறந்தால்
திருவாரூர் வண்டி முழங்கால் தண்ணீரில் நிற்கும்.
குளத்துக்கு இடமாற்ற ஆணை
இன்னும் சார்வு செய்யப்படவில்லை.

ரயில் இருந்தது. மீட்டர் கேஜ்.
தண்டவாளம் பெயர்த்துப் போன பிறகு
ஸ்டேஷனில் நெல் கொள்முதல்.
ஈரப்பதம் பார்க்கிற இடத்தில்தான்
டிக்கெட் கொடுத்தார்களாம்.
நடைமேடை ஓரம் ஒரு கல்லில்
வெள்ளைக்காரன் செதுக்கிய அம்புக்குறி,
கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று.
குழாய் பதிக்க அளக்க வந்த பையன்கள்
அதே இடத்தில் முக்காலி நிறுத்தி
வேறொரு எண் சொன்னார்கள்.
குறைவாக.
எழுதிக்கொள்ள வேண்டாம் மேடம் என்றும் சொன்னார்கள்.

உயரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு
மற்றதை எழுதி எண்ணினேன்.
நூற்று எண்பத்தாறு.
பதினாலு சொல்லுக்கு இடம் இருக்கிறது.

சவரிமுத்து டீ அனுப்பினார்.
இப்போதெல்லாம் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறார்,
இன்று கேன் வண்டி வரவில்லை போல.
முதல் வாயிலேயே நாக்கில் கரித்தது.

பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
இதை வரலாற்றில் சேர்ப்பதா
புவியியலில் சேர்ப்பதா?